அமெரிக்கக் கலகம் போராக மாறியது எங்கே? வரியிலா, வெடிமருந்திலா?

கல்வெட்டு எழுதியது:

பாடப்புத்தக வரிசை எல்லாருக்கும் தெரியும். முத்திரைச் சட்டம், தேயிலை, போரின் முதல் சண்டையான லெக்சிங்டன் துப்பாக்கிச் சூடு, சுதந்திரப் பிரகடனம். ஒன்று அடுத்ததைத் தானாகவே பெற்றெடுத்தது போல எழுதிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. வரி எதிர்ப்பு கலகத்தைப் பெற்றது, போரைப் பெறவில்லை என்பது என் வாதம்.

முத்திரைச் சட்டத்தையே பாருங்கள். 1765 மார்ச் 22-ல் நிறைவேறியது, நவம்பர் 1 முதல் அமல். செய்தித்தாள், பத்திரம், உரிமம், சீட்டுக்கட்டு எல்லாவற்றுக்கும் லண்டனில் முத்திரை குத்திய காகிதம்தான் வேண்டும். ஒரு சீட்டுக்கட்டுக்கு 1 ஷில்லிங், பகடைக்கு 10 ஷில்லிங். சட்டத்தின் பலவீனம் அதன் அமைப்பிலேயே இருந்தது: காகிதத்தை விற்க ஒவ்வொரு குடியேற்றத்திலும் ஒரு முகவர் வேண்டும். முகவர் விலகிவிட்டால் சட்டம் நின்றுபோகும். போஸ்டன்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆகஸ்ட் 14 அன்று முகவர் ஆண்ட்ரூ ஆலிவரின் கொடும்பாவியைத் தூக்கிலிட்டு, அவருடையது என்று சொல்லப்பட்ட கட்டடத்தையும் இடித்தார்கள். அவர் விலகினார். நவம்பருக்குள் ஏறத்தாழ எல்லா இடத்திலும் முகவர்கள் விலகிவிட்டார்கள்; ஜார்ஜியாவில் மட்டும் கொஞ்சம் காகிதம் விற்றது. 1766 மார்ச் 18-ல் சட்டமே ரத்து.

பிறகு என்ன நடந்தது? மணியடித்துக் கொண்டாடினார்கள், இறக்குமதியைத் திரும்பத் தொடங்கினார்கள். 1770-லும் இதே கதை. டவுன்ஷெண்ட் வரிகளில் (கண்ணாடி, காகிதம், தேயிலை போன்ற இறக்குமதிகள் மேல் போட்டவை) தேயிலை தவிர மற்றவை நீங்கியதும் புறக்கணிப்பு கலைந்தது. 1770 மார்ச் 5 அன்று போஸ்டனில் ஐந்து பேர் சுடப்பட்டு இறந்தபோதுகூடப் போர் வரவில்லை. நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. சுட்ட சிப்பாய்களுக்காக வாதாடியவர் பின்னாளில் நாட்டின் இரண்டாவது அதிபரான ஜான் ஆடம்ஸ். எட்டுப் பேரில் இரண்டு பேருக்குத்தான் தண்டனை, அதுவும் கட்டைவிரலில் சூடு. ஊர் அதை ஏற்றுக்கொண்டது.

வரிக்காகப் போர் வந்திருக்க வேண்டுமென்றால் இந்த இரண்டு முறையில் ஒரு முறையாவது வந்திருக்க வேண்டும்.

தராசு எழுதியது:

கல்வெட்டு, நீங்கள் முத்திரைச் சட்ட ரத்தோடு அதே நாளில் நிறைவேறிய இன்னொன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். ரத்து செய்த அன்றே நாடாளுமன்றம் உரிமைப் பிரகடனச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அமெரிக்கக் குடியேற்றங்களை எந்த விஷயத்தில் ஆனாலும் கட்டுப்படுத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு என்றது அது. பின்வாங்கவில்லை, ஓங்கிய கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஏன் விடாப்பிடியாக இருந்தார்கள் என்பதற்குக் கணக்கு வேண்டும். பிரான்ஸோடு நடந்த ஏழாண்டுப் போர் தொடங்கும்போது சுமார் 7.5 கோடி பவுண்டாக இருந்த தேசியக் கடன் 1763-ல் சுமார் 13 கோடி. ஆண்டு வருமானத்தில் பாதிக்கு மேல் வட்டிக்கே போனது. கூடவே அமெரிக்காவில் 10,000 சிப்பாய்களை நிறுத்துவதாக முடிவு. அதன் செலவு ஆண்டுக்கு 2 லட்சம் பவுண்டுக்கும் மேல். முத்திரைச் சட்டம் தரும் என்று எதிர்பார்த்தது 60,000. பிரிட்டனில் இருப்பவன் தலையில் இனியும் ஏற்ற முடியாது என்ற நிலையில்தான் இந்தச் சட்டம் பிறந்தது. அதில் ஓரளவு நியாயமும் இருந்தது.

தேயிலை வரியை வைத்துக்கொண்ட கதை என் வாதத்துக்கு இன்னும் நெருக்கம். 1769 மே 1 அன்று அமைச்சரவை வாக்கெடுத்தது. தேயிலை வரியையும் நீக்கலாம் என்று நான்கு பேர், வேண்டாம் என்று ஐந்து பேர். ஒரே ஒரு வாக்கு. வருமானத்துக்காக வைக்கவில்லை, வரி போடும் உரிமை எங்களுக்கு உண்டு என்று காட்ட வைத்தார்கள். அந்த ராத்தலுக்கு 3 பென்ஸ்தான் 1773-ல் கப்பலில் ஏறி போஸ்டனுக்கு வந்தது. வரியை எடுத்துவிட்டால் போஸ்டனில் தேயிலையைக் கடலில் கொட்டிய கிளர்ச்சி இல்லை, அது இல்லாவிட்டால் அதற்குத் தண்டனையாக வந்த 1774 சட்டங்கள் இல்லை. சங்கிலியின் முதல் கண்ணியைக் கழற்றிவிட்டு மற்றவற்றைத் தொங்கவிட முடியாது.

புதுவாசகர் எழுதியது:

ஒரு சந்தேகம். அந்தத் தேயிலை கிழக்கிந்தியக் கம்பெனியுடையது என்றால் நம் ஊரிலிருந்து போனதா? இன்னொன்று, 1773-ல் வந்த தேயிலைச் சட்டத்தால் தேயிலை விலை குறைந்தது என்கிறார்களே. விலை குறைந்ததற்கு யாராவது கலகம் செய்வார்களா?

மாலுமி எழுதியது:

அது சீனத் தேயிலை. அஸ்ஸாம் தோட்டங்களெல்லாம் 19-ம் நூற்றாண்டுச் சங்கதி. போஸ்டனில் கடலில் போனதில் பெரும்பகுதி போஹியா என்ற கறுப்புத் தேயிலை, கூடவே சிங்லோ, ஹைசன் என்ற பச்சை வகைகள்.

ஆனால் நம் மண்ணோடு தொடர்பு இருக்கிறது, அது கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில். ஹைதர் அலி கர்நாடகப் பகுதியில் (ஆற்காட்டைச் சுற்றிய தமிழ்ப் பகுதிக்கு அன்றைய பெயர்) படை நடத்தும் செய்தி லண்டனை எட்டியதும் 1769-ல் கம்பெனிப் பங்கு சரிந்தது. அதே ஆண்டு அவர் மதராஸின் வாசல்வரை வந்து உடன்படிக்கையை வாங்கிக்கொண்டுதான் போனார். அடுத்து வங்காளப் பஞ்சம். 1772-ல் கம்பெனி கடனில் தத்தளித்தது. லண்டன் கிடங்குகளில் ஒன்றேமுக்கால் கோடி ராத்தல் அளவுக்குத் தேயிலை தேங்கிக் கிடந்தது. அரசு 14 லட்சம் பவுண்டு கடன் கொடுத்தது, தேயிலையைத் தள்ளிவிட வழியும் செய்தது.

வழி இதுதான். முன்பு கம்பெனி லண்டனில் ஏலம் விட வேண்டும், வியாபாரி எடுத்து அமெரிக்க வியாபாரிக்கு விற்பார், அவர் கடைக்காரருக்கு. இனி கம்பெனியே நேராக அனுப்பலாம், பிரிட்டனில் கட்டிய தீர்வை முழுவதும் திரும்பக் கிடைக்கும். அமெரிக்காவில் கட்டும் 3 பென்ஸ் மட்டும் நிற்கும். விலை இறங்கியது உண்மை. ஆனால் விற்கும் உரிமை ஒவ்வொரு துறைமுகத்திலும் கம்பெனி பொறுக்கியெடுத்த சிலருக்கு மட்டும். போஸ்டனில் அந்தச் சிலரில் ஆளுநர் ஹட்சின்சனின் இரண்டு மகன்கள். டச்சுத் தேயிலை கடத்தியவனுக்கும் நஷ்டம், சட்டப்படி வாங்கி விற்றவனுக்கும் நஷ்டம். அதுவரை எதிரெதிரே நின்ற இரண்டு கூட்டமும் ஒரே பக்கம் சேர்ந்தது இதனால்தான்.

போஸ்டனில் மட்டும் ஏன் கடலில் கொட்டும்வரை போனது என்பதற்கும் ஒரு சுங்க விதி காரணம். கப்பல் வந்து பதிவான 20 நாளுக்குள் தீர்வை கட்டாவிட்டால் சுங்கத்துறை சரக்கைக் கைப்பற்றலாம். டார்ட்மவுத் கப்பல் நவம்பர் 28-ல் வந்தது. டிசம்பர் 17 விடிந்தால் சரக்கு அதிகாரிகள் கையில். பிலடெல்பியாவில் கப்பல் 697 பெட்டிகளோடு அப்படியே திரும்பிப் போனது. சார்ல்ஸ்டனில் கைப்பற்றிக் கிடங்கில் பூட்டிவைத்தார்கள், அப்போது யாரும் விற்கவில்லை. போஸ்டனில் ஹட்சின்சன் திரும்பிப்போகச் சீட்டுத் தர மறுத்தார். சீட்டில்லாமல் துறைமுகக் கோட்டையைத் தாண்ட முடியாது. இறக்கவும் கூடாது, போகவும் கூடாது, நாளும் முடிகிறது. டிசம்பர் 16 இரவு மூன்று கப்பல்களிலிருந்து சுமார் 340 பெட்டி, 92,000 ராத்தலுக்கு மேல். கம்பெனி சொன்ன நஷ்டம் 9,659 பவுண்டு.

கல்வெட்டு எழுதியது:

மாலுமி சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். அதிலும் பாருங்கள், ஒரு சிப்பாய்கூடச் சுடவில்லை. சரக்கு போனது, ஆள் சாகவில்லை.

போரைத் தந்தது லண்டனின் பதில். போஸ்டன் துறைமுகத்தை 1774 ஜூன் 1 முதல் மூடியதைத்தான் எல்லாரும் பேசுவார்கள். உண்மையில் கொதிக்கவைத்தது மாசசூசெட்ஸ் ஆட்சிச் சட்டம். அதில் என்ன இருந்தது? மேலவையை இனி மன்னர் நியமிப்பார். அதுவரை மக்கள் சபை தேர்ந்தெடுத்து வந்தது. ஜூரிகளை ஷெரீப் பொறுக்குவார், ஷெரீப்பை ஆளுநர் நியமிப்பார். ஊர்க்கூட்டம் ஆண்டுக்கு ஒன்றுதான், மேற்கொண்டு கூட ஆளுநரின் எழுத்து அனுமதி வேண்டும்.

கடன் வழக்கு, நில வழக்கு எல்லாம் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகிற விவசாயி இதைப் படித்தால் என்ன நினைப்பான்? என் நிலத்தைத் தீர்மானிக்கப்போகும் ஜூரியை ஆளுநரின் ஆள் தேர்ந்தெடுப்பான் என்றுதான். தேயிலை குடிக்காதவனையும் தொட்ட சட்டம் இது. அதனால் எழுந்தது போஸ்டன் இல்லை, உள்நாடு. ஆகஸ்ட் 16 அன்று கிரேட் பேரிங்டனில் ஏறத்தாழ 1,500 பேர் நீதிமன்றத்தை அடைத்து நீதிபதிகளை உள்ளே விடவில்லை. செப்டம்பர் 6 அன்று வூஸ்டரில் 37 ஊர்களின் ஊர்ப்படை. தலையெண்ணிக்கை 4,622. நீதிமன்ற அதிகாரிகள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, இரு வரிசைக்கும் நடுவே நடந்து, பதவி விலகலைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டியிருந்தது. ரத்தம் சிந்தவில்லை. ஆனால் அன்றே அந்த மாவட்டத்தில் பிரிட்டிஷ் ஆட்சி முடிந்துவிட்டது. லெக்சிங்டனுக்கு ஏழு மாதம் முன்னால்!

அக்டோபரில் அடுத்த படி. மாசசூசெட்ஸ் தனக்கென்று ஒரு மாகாணக் காங்கிரஸைக் கூட்டியது. ஊர் ஊராக வசூலாகும் வரியை மன்னரின் பொருளாளரிடம் கட்டாதீர்கள், ஹென்றி கார்டனர் என்பவரிடம் கட்டுங்கள் என்றது. 1,000 பீப்பாய் வெடிமருந்து, 5,000 துப்பாக்கி, பயனெட் வாங்கப் பட்டியல் போட்டது. தராசு, இங்கே கவனியுங்கள்: இவர்கள் வரி வேண்டாம் என்று சொல்லவில்லை. வரியை வேறு பெட்டியில் போட்டார்கள்.

வைகறை எழுதியது:

இருவருமே போஸ்டனைச் சுற்றியே வருகிறீர்கள். என் கேள்வி வேறு. முத்திரைச் சட்டம் ஜமைக்காவுக்கும் பார்படோஸுக்கும் சேர்த்துத்தான் வந்தது. அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்கள். நோவா ஸ்கோஷியா கிளம்பவில்லை, கியூபெக் கிளம்பவில்லை. வரிதான் காரணம் என்றால் இவர்கள் ஏன் வரவில்லை? ஆட்சிமுறை மாற்றம்தான் காரணம் என்றால், அந்தச் சட்டம் தீண்டாத வர்ஜீனியா ஏன் வந்தது?

சர்க்கரைத் தீவுகளில் அடிமைகளின் எண்ணிக்கை வெள்ளையரை விடப் பல மடங்கு. பிரிட்டிஷ் படை போய்விட்டால் தோட்டக்காரன் தூங்க முடியாது. அதனால் அவன் விசுவாசி. வர்ஜீனியாவில் கணக்கு வேறு. 1763 அக்டோபர் 7 அரசாணை அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே குடியேறக் கூடாது என்றது. அங்கே நிலத்துக்குக் காத்திருந்தவர்களில் வாஷிங்டனும் ஒருவர். அந்த நிலத்தில் ஏற்கெனவே பழங்குடிகள் இருந்தார்கள் என்பதை இந்த விவாதத்தில் இதுவரை யாரும் சொல்லவில்லை, எனக்கு அது உறுத்துகிறது. புகையிலைத் தோட்டக்காரர்கள் லண்டன், கிளாஸ்கோ வியாபாரிகளிடம் தலைமுறைக் கடனில் இருந்தார்கள். 1775 நவம்பர் 7 அன்று ஆளுநர் டன்மோர், கலகக்காரர்களின் அடிமைகள் மன்னர் படையில் சேர்ந்து ஆயுதம் ஏந்தினால் விடுதலை என்று அறிவித்தார். அதுவரை தயங்கிய தோட்டக்காரர்கள் அன்றைக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள். விடுதலைப் போர் என்று சொல்லும்போது யாருடைய விடுதலை என்று கேட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

தராசு எழுதியது:

வைகறை, டன்மோர் பற்றி மறுப்பில்லை. ஆனால் அவர் அறிவித்தபோது போர் தொடங்கி ஆறு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. விளைவைக் காரணத்தின் இடத்தில் வைக்க முடியாது. மேற்கு நில அரசாணையும் காகிதத்தில்தான் கடுமை. எல்லைக்கோட்டைத் தாண்டிக் குடியேறுவது நிற்கவே இல்லை.

கல்வெட்டுக்கு: வரியும் ஆட்சிமுறையும் வேறு வேறு என்று பிரிக்கிறீர்களே, அந்தப் பிரிவை நான் ஏற்கவில்லை. ஆளுநருக்கும் நீதிபதிக்கும் சம்பளம் யார் கொடுத்தது? பழைய முறையில் மாசசூசெட்ஸ் சபை ஆண்டுதோறும் வாக்கெடுத்துக் கொடுக்கும். ஆளுநர் மிஞ்சினால் சம்பளம் தாமதமாகும். சபையின் கையில் இருந்த ஒரே கடிவாளம் அது. 1772-ல் அவர்கள் சம்பளத்தை மன்னரே தருவார் என்றானது. அந்தப் பணம் தேயிலை வரியிலிருந்து வந்தது. ஊர்களுக்கிடையே செய்தி பரிமாறிய கடிதத் தொடர்புக் குழு போஸ்டனில் அந்த ஆண்டு நவம்பரில் உருவானதே இந்தச் சம்பள விவகாரத்தில்தான். நீங்கள் சொல்லும் வூஸ்டர் ஊர்ப்படையைத் திரட்டிய வலைப்பின்னல் அந்தக் குழுக்களுடையது. ஆக, 3 பென்ஸ் வரி என்பது தேநீரின் விலை பற்றியதே அல்ல. ஆட்சியாளரின் சம்பளப் பட்டுவாடா யார் கையில் என்பது பற்றியது.

கல்வெட்டு எழுதியது:

சம்பளம் பற்றிய இந்தக் குறிப்பு வலுவானது. கடிதக் குழுக்களை 1774-ன் கணக்கில் மட்டும் வைத்திருந்தேன். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் சங்கிலியின் முதல் கண்ணி வரி என்பதை இன்னும் ஒப்பவில்லை. உங்கள் விளக்கப்படியே அது சபையின் கடிவாளம்.

வர்ஜீனியாவுக்கு என் பதில்: ஒரு மாகாணத்தின் சாசனத்தை நாடாளுமன்றம் ஒரே சட்டத்தில் திருத்தலாம் என்றால் எங்களுடையதையும் நாளைக்குத் திருத்தலாம் என்ற பயம். 1774 செப்டம்பரில் பிலடெல்பியாவில் ஜார்ஜியா தவிர 12 குடியேற்றங்கள் கூடியது அதனால்தான்.

மாலுமி எழுதியது:

மூவரும் ஏன் என்று கேட்கிறீர்கள். எப்படி என்பதையும் பார்க்க வேண்டும். கோபம் பத்து வருடமாக இருந்தது. அது போராவதற்கு வெடிமருந்து வேண்டும், ஆகவே சண்டை முழுக்க மருந்துக் கிடங்குகளைச் சுற்றியே நடந்தது.

1774 செப்டம்பர் 1 விடிகாலை, பிரிட்டிஷ் தளபதி கேஜ் 260 சிப்பாய்களை 13 படகில் மிஸ்டிக் ஆற்றில் அனுப்பி, போஸ்டனுக்கு வெளியே இருந்த மருந்துக் கிடங்கிலிருந்து 250 அரைப் பீப்பாய்களை எடுத்துக்கொண்டார். சட்டப்படி அது மன்னரின் மருந்து. ஆனால் போஸ்டனைக் குண்டு வீசி எரிக்கிறார்கள் என்று வதந்தி கிளம்பி, மறுநாள் ஆயிரக்கணக்கானோர் கேம்பிரிட்ஜில் திரண்டார்கள். கேஜ் அரண்டுபோய் மேற்கொண்டு நிறையப் படை கேட்டார். அக்டோபரில் லண்டன் அமெரிக்காவுக்கு ஆயுத, மருந்து ஏற்றுமதியைத் தடுத்தது. செய்தி கிடைத்ததும் டிசம்பர் 14 அன்று நியூ ஹாம்ப்ஷயரில் வில்லியம்-மேரி கோட்டைக்குள் புகுந்து சுமார் 100 பீப்பாயைத் தூக்கிப்போனார்கள். 1775 ஏப்ரல் 19-ல் லெக்சிங்டன் வழியாகக் கான்கார்டுக்குச் சுமார் 700 சிப்பாய்கள் போனதும் அங்கே பதுக்கிவைத்த பீரங்கியையும் மருந்தையும் அழிக்கத்தான். அதிர்ச்சியான ஒற்றுமை, இரண்டு நாள் கழித்து வர்ஜீனியாவில் டன்மோர் வில்லியம்ஸ்பர்க் கிடங்கிலிருந்து 15 அரைப் பீப்பாய் எடுத்தார். போஸ்டன் செய்தி அங்கே எட்டுவதற்கு முன்பே.

கான்கார்டில் கேஜ் செய்த தவறு என்ன? ஆளுக்கு 36 ரவை கொடுத்து அனுப்பினார், போக வர ஏறத்தாழ 40 மைல். போகும்போது எதிர்ப்பு குறைவு. திரும்பும் வழியில் ஒவ்வொரு கல்சுவருக்குப் பின்னாலும் ஊர்ப்படை. லெக்சிங்டனில் உதவிப்படை வந்து சேராவிட்டால் மொத்தமும் போயிருக்கும். செத்தது 73, காயம் 174, காணாமல் போனது 26.

எதிர்ப் பக்கத்திலும் நிலைமை மோசம். 1775 ஆகஸ்டில் வாஷிங்டன் போஸ்டனைச் சூழ்ந்து நிற்கும்போது கணக்கெடுத்தால் ஆளுக்கு ஒன்பது ரவைக்குத்தான் மருந்து. மருந்துக்கு வெடியுப்பு முக்கால் பங்கு, கரி, கந்தகம் மீதி. கரி எங்கும் கிடைக்கும். வெடியுப்புதான் சிக்கல்: தொழுவத்து மண்ணைத் தோண்டி, தண்ணீர் ஊற்றி வடித்து, சாம்பல் வழியாக மறுபடி வடித்து, காய்ச்சி, ஆறவிட்டுப் படிகம் எடுக்க வேண்டும். சாம்பல் குறைந்தால் ஈரம் உறிஞ்சும் உப்பு வரும், மருந்து பிடிக்காது. சமையல் உப்பு சரியாகப் பிரியாவிட்டாலும் அப்படித்தான். செய்முறையை அச்சடித்து ஊர் ஊராகக் கொடுத்தும் போதவில்லை. முதல் இரண்டரை ஆண்டில் செலவான மருந்தில் பத்தில் ஒன்பது பங்கு வெளியிலிருந்து வந்ததுதான். டச்சுத் தீவான செயின்ட் யூஸ்டேஷியஸ் வழியாக நிறைய வந்தது. பிரிட்டனுக்கு அந்தக் கவலை இல்லை, பீகார் வெடியுப்பு கம்பெனி கையில் இருந்தது.

வைகறை எழுதியது:

மாலுமி சொன்னதிலிருந்தே என் கேள்விக்கு ஒரு பிடி கிடைக்கிறது. லெக்சிங்டனிலிருந்து சுதந்திரத் தீர்மானம்வரை பதினான்கு மாதத்துக்கு மேல். அத்தனை காலம் போர் நடந்தது, சுதந்திரம் கேட்கவில்லை. 1775 ஜூலையில் சமாதானம் கேட்டு மன்னருக்கு ஆலிவ் கிளை விண்ணப்பம் போனது. போஸ்டன் அருகே பங்கர் ஹில் சண்டையில் ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் ஆயிரத்துக்கு மேல் செத்தும் காயமுமான பிறகு எழுதிய விண்ணப்பம் அது. ஆகவே கலகம் போரானது ஒரு கேள்வி, போர் சுதந்திரப் போரானது இன்னொரு கேள்வி. தலைப்பில் இரண்டையும் கலந்திருக்கிறோம்.

இரண்டாவதற்கு என் பட்டியல்: மன்னர் விண்ணப்பத்தைப் பார்க்க மறுத்து ஆகஸ்ட் 23-ல் கலகக்காரர்கள் என்று அறிவித்தது. டிசம்பரில் வந்த வணிகத் தடைச் சட்டம். அமெரிக்கக் கப்பல் எதுவும் எதிரிக் கப்பலாகப் பிடிபடலாம் என்றது, விசுவாசியுடையது என்றாலும். ஜெர்மன் கூலிப்படை. டன்மோர். இதோடு மருந்து: பிரான்ஸ் ஒரு குடியேற்றத்தோடு உடன்படிக்கை செய்ய முடியாது, ஒரு நாட்டோடுதான் செய்யலாம். 1776 ஜூலை 2 வாக்கெடுப்பில் 12 ஆதரவு, நியூயார்க் ஒதுங்கியது. அந்தத் தீர்மானத்தை ஜூன் 7-ல் கொண்டுவந்த ரிச்சர்ட் ஹென்றி லீ அதிலேயே அந்நியக் கூட்டணி தேடவேண்டும் என்றும் சேர்த்திருந்தார்.

தராசு எழுதியது:

கேள்வியை இரண்டாக்கியது சரி. முதல் கேள்விக்கு நான் வரியையும் சம்பளத்தையும் விடமாட்டேன். இரண்டாவதில் வணிகத் தடைச் சட்டத்தை முதலில் வைப்பேன், டன்மோரைத் தெற்குக்கு மட்டும். நியூ இங்கிலாந்து கப்பல் முதலாளிக்கு டன்மோர் பொருட்டே இல்லை.

புதுவாசகர் எழுதியது:

நன்றி. பிரான்ஸ் சேர்ந்த பிறகு நம் பக்கமும் சண்டை வந்ததா?

மாலுமி எழுதியது:

வந்தது. பிரெஞ்சு உடன்படிக்கை 1778 பிப்ரவரி 6. அந்த ஆண்டே பாண்டிச்சேரியைக் கம்பெனிப் படை முற்றுகையிட்டுப் பிடித்தது. 1780-ல் ஹைதர் அலி மறுபடி கர்நாடகப் பகுதியில் இறங்கினார், பிறகு பிரெஞ்சுக் கடற்படை சஃப்ரன் தலைமையில் வந்தது. அமெரிக்காவில் யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்தது 1781 அக்டோபர். ஆனால் 1783 ஜூனில் கடலூரில் பிரிட்டிஷ் படை பிரெஞ்சுக்காரர்களையும் மைசூர்ப் படையையும் முற்றுகையிட்டுக் கொண்டிருந்தது. ஜூன் 20 அன்று கடலூருக்கு எதிரே கடற்சண்டையும் நடந்தது. ஐரோப்பாவில் சமாதான முன்னொப்பந்தம் ஜனவரியிலேயே கையெழுத்தாகிவிட்டது. செய்தி கப்பலில் வந்துசேர ஜூன் கடைசி ஆனது, அதற்குப் பிறகுதான் கடலூரில் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள்.